மடத்தின் தூணாய் நின்ற சுவாமி இராமகிருஷ்ணானந்தர்

வீடு துறந்து, சுற்றம் துறந்து, இறைவனையே துணையெனக் கொண்டு ஒன்றுகூடி வாழும் அடியார் கூட்டங்கள் நமது சமயத்துக்குப் புதியன அல்ல. ஆயினும் ஒரு மடம் உருவாகி நிலைபெற வேண்டுமாயின், அங்கு தியானத்தில் அமர்வோர் மட்டும் இருந்தாற் போதாது. விடியுமுன் எழுந்து பூவெடுப்பவர் ஒருவர் வேண்டும். உலை வைப்பவர் ஒருவர் வேண்டும். மற்றையோர் தலயாத்திரை சென்றுவிட்ட நாட்களிலும் விளக்கேற்றிக் காத்திருப்பவர் ஒருவர் வேண்டும். ஸ்ரீ இராமகிருஷ்ணர் திருமடத்தின் தொடக்க நாட்களில் அந்த ஒருவராக இருந்தவரே அன்பர்கள் சசி மகராஜ் என அழைக்கும் சுவாமி இராமகிருஷ்ணானந்தர் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்திலுள்ள இச்சாபூர் என்னும் கிராமத்தில் 1863ஆம் ஆண்டு ஜூலை மாதம் 13ஆம் திகதி இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சசிபூஷணன். தந்தையார் ஈஸ்வரசந்திர சக்கரவர்த்தி ஏழை அந்தணர். அம்பிகை வழிபாட்டிலும் சாதனையிலும் ஊறியவர். தாயார் பவசுந்தரி. சசியே மூத்த புதல்வர். படிப்பில் கெட்டிக்காரனான மூத்த பிள்ளை உத்தியோகம் பார்த்துக் குடும்பத்தின் கஷ்டத்தைத் தீர்ப்பான் என்று அந்த ஏழை வீடு நம்பியிருந்தது.

அந்த நம்பிக்கைக்கு ஏற்றவாறே சசியும் கல்கத்தா சென்று, புலமைப்பரிசில் பெற்று, பி.ஏ. வகுப்புவரை பயின்றார். கணிதத்திலும் வடமொழியிலும் வல்லவராக இருந்தார். அவரோடு உடன் பயின்று வந்த உறவுமுறைச் சகோதரர் சரத்சந்திரர், பின்னாளில் சுவாமி சாரதானந்தர் எனப் புகழ்பெற்றார். 1883ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இவ்விருவரும் தட்சிணேஸ்வரம் சென்று ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சரைத் தரிசித்தனர். அன்றிலிருந்து சசியின் மனம் அவர் திருவடியிலேயே நிலைத்துவிட்டது.

ஒரு கோடைநாளில் குருதேவருக்குக் குளிர்ந்த நீர் கொடுக்க வேண்டும் என்ற ஆசையினால், கல்கத்தாவில் பனிக்கட்டி வாங்கித் துணியிற் சுற்றிக்கொண்டு, கொளுத்தும் வெயிலிற் சில மைல் தூரம் நடந்தே தட்சிணேஸ்வரம் சென்றார் சசி. தன் உடல் வெந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. பனிக்கட்டி கரையாமற் போய்ச் சேர்ந்ததே அவருக்குப் பெரிதாக இருந்தது. பிற்காலத்தில் சென்னையில் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்த கட்டடம் முன்பு பனிக்கட்டி சேமித்து வைக்கும் களஞ்சியமாக இருந்தது என்பதை அடியார்கள் வியந்து பேசுவதுண்டு.

குருதேவரின் பணிவிடை

1885ஆம் ஆண்டில் குருதேவரின் தொண்டையில் நோய் கண்டது. சிகிச்சைக்காக அவர் முதலிற் சியாம்புகூர் என்னுமிடத்திலும், பின்னர் காசிப்பூர் தோட்ட வீட்டிலும் தங்கவைக்கப்பட்டார். இளம் சீடர்கள் முறைவைத்துப் பணிவிடை செய்தனர். சசிக்கோ முறை என்று ஒன்று இருக்கவில்லை. இரவும் பகலும் அவர் குருதேவரின் படுக்கையருகே இருந்தார். மற்றையோர் ஓய்வு கிடைத்தபோது தியானத்தில் அமர்ந்தனர். சசி அந்தத் தியானத்தையும் தேடவில்லை. விசிறுவதும், மருந்து கொடுப்பதும், படுக்கையைச் சரிசெய்வதுமே அவருக்குத் தவமாக அமைந்தன. பி.ஏ. பரீட்சைக்கு அவர் தோற்றவே இல்லை.

1886ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 16ஆம் திகதி அதிகாலையில் குருதேவர் மகாசமாதி அடைந்தார். அந்தக் கடைசி இரவிலும் தலையணைகளைத் தாங்கிப் பிடித்து விசிறிக்கொண்டிருந்தவர் சசியே.

வராகநகர் வீடு

குருதேவர் மறைந்தபின் காசிப்பூர் வீட்டை விடவேண்டியதாயிற்று. இளைஞர்கள் போக்கிடமின்றி நின்றனர். சிலர் வீடு திரும்பினர். அவ்வேளையிற் சுரேந்திரநாத மித்திரர் என்னும் இல்லற அடியார் முன்வந்தார். காசிப்பூரில் தாம் கொடுத்துவந்த பணத்தைத் தொடர்ந்து தருவதாகவும், ஒரு வீடு பிடித்து எல்லோரும் சேர்ந்து வாழவேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். சம்சாரத்தில் உழலும் தம்மைப் போன்றோர் இடையிடையே வந்து மனம் ஆறுவதற்கும் ஓரிடம் வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். உலகை விட்டு ஒதுங்கிய அந்த மடம் இவ்வாறு ஓர் இல்லறத்தாரின் உதவியினாலேயே உண்டாயிற்று.

கல்கத்தாவுக்கு வடக்கே வராகநகரில் ஒரு பாழடைந்த வீடு மிகக் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. பேய் உலாவும் வீடு என்று ஊரார் அஞ்சினர். கீழ்த்தளத்திற் பாம்புகள் குடியிருந்தன. மேல்தளத்தில் ஓர் அறை பூசையறை ஆயிற்று. குருதேவரின் புனித அஸ்தி அடங்கிய பேழையும் அவரது திருவுருவப் படமும் அங்கு எழுந்தருளின. அந்தப் பூசையின் பொறுப்பைச் சசி ஏற்றுக்கொண்டார்.

1886ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் திகதி இரவு, அந்தப்பூர் என்னும் கிராமத்தில் எரியும் விறகின் முன் அமர்ந்து, நரேந்திரரும் ஏனைய இளைஞர்களும் உலகைத் துறப்பதாக உறுதி பூண்டனர். 1887ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முறைப்படி விரஜா ஹோமம் வளர்த்துச் சந்நியாசம் ஏற்றனர். குருவின் திருநாமத்தைத் தாங்கும் இராமகிருஷ்ணானந்தர் என்ற பெயரைத் தாமே சூட்டிக்கொள்ள நரேந்திரர் விரும்பியிருந்தார். ஆயினும் குருவுக்குச் சசி செய்த தொண்டை எண்ணி, அப்பெயருக்கு உரியவர் அவரே என்று விட்டுக்கொடுத்தார். அந்த நரேந்திரரே பின்னர் சுவாமி விவேகானந்தர் என உலகறிந்தவர்.

மடத்தில் வறுமை தாண்டவமாடியது. சோறு கிடைக்கும் நாளில் உப்பு இராது. வேலியோரத்திற் படரும் கொவ்வையின் இலையை அவித்துச் சோற்றோடு உண்ட நாட்கள் பல. வெளியே செல்லும் ஒருவர் உடுத்துவதற்கென நல்ல உடை ஒன்றே பொதுவில் இருந்தது. ஆயினும் இளம் துறவிகள் இதையெல்லாம் நினைக்கவில்லை. அதிகாலையில் தியானத்தில் அமர்ந்தால் பொழுது சாய்ந்தும் எழுந்திருப்பதில்லை. சசி மகராஜ் உணவைச் சமைத்து, குருதேவருக்கு நிவேதித்து, அதை வைத்துக்கொண்டு காத்திருப்பார். வராதவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உண்ணச் செய்வார். நீங்கள் தவத்தைக் கவனியுங்கள், பிச்சையெடுத்தேனும் மடத்தை நான் நடத்துகிறேன் என்பது அவரது உறுதிமொழியாக இருந்தது. அவர் இல்லையேல் வராகநகர் வாழ்க்கை நடந்திராது என்று விவேகானந்தரே பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார்.

தந்தையின் வருகை

துறவு என்பது ஒருவர் மட்டும் செய்யும் தியாகமன்று. அவர் விட்டுவந்த வீடும் அதில் ஒரு பங்கைச் சுமக்கிறது. சசியின் வாழ்விலே இது மிகத் தெளிவாகத் தெரிகிறது.

குருதேவர் மறைந்துவிட்டார், இனி மகன் வீடு திரும்புவான் என்று தந்தையார் எதிர்பார்த்திருந்தார். சசியும் சில நாட்கள் வீட்டில் இருந்தார். மடம் அமைந்ததும் அங்கு போய்வரத் தொடங்கி, பின் அங்கேயே தங்கிவிட்டார். தந்தையார் அடிக்கடி மடத்துக்கு வந்து மகனை அழைத்தார். 1887ஆம் ஆண்டில் அவ்வாறு அவர் வந்த ஒரு நாளின் நிகழ்ச்சியை, அங்கிருந்த மகேந்திரநாத குப்தர் குறித்து வைத்துள்ளார். தந்தையார் வந்திருப்பதை அறிந்ததும் சசி வேறு வாசலால் வெளியேறிவிட்டார். நேரே நின்று மறுக்க அவருக்கு மனம் இடங்கொடுக்கவில்லை.

முதியவர் மேல்மாடித் தாழ்வாரத்தில் மகேந்திரருடன் உலாவியபடி தம் மனக்குறையைச் சொன்னார். இதற்கெல்லாம் காரணம் நரேந்திரரே என்று குறைபட்டார். மகேந்திரரோ ஆசிரியத் தொழில் பார்த்துக் குடும்பத்தையும் காத்து மடத்துக்கும் வந்துபோகின்றவர். அவரைப்போல் இரண்டு பக்கமும் பார்க்கத் தம் மகனால் ஏன் இயலாது என்று கேட்டார். வீட்டில் தாய் கண்ணீர் வடிக்கிறாள் என்றார். அவர் இறைபக்தி அற்றவர் அல்லர், தாமே சாதகர். இருந்தும் பெற்ற மனம் கேட்கவில்லை.

மறுபுறத்திற் சசியின் உள்ளமும் வெந்துகொண்டிருந்தது. தாய் தந்தையருக்கு ஒன்றும் செய்ய முடியாமற் போயிற்றே என்று அவர் நண்பர்களிடம் கண்கலங்கிச் சொல்வதுண்டு. வறுமையினால் நகை எதுவும் அணியாத தாய்க்கு, உழைத்து நகை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருந்தார். அந்த ஆசை நிறைவேறவில்லை. குருவின் கட்டளை ஒருபுறமும் பெற்றோரின் கண்ணீர் மறுபுறமுமாக நின்றபோது, அவர் குருவின் வழியையே தேர்ந்தார். அதனால் உண்டான வலியை மறைக்கவும் இல்லை. வலிக்கிறதே என்று திரும்பிப் போகவும் இல்லை.

ஓரிடத்தில் நின்ற தவம்

சில காலத்திற் சகோதரத் துறவிகள் ஒவ்வொருவராகப் பரிவிராஜகர்களாய்ப் புறப்பட்டனர். இமயம், காசி, பிருந்தாவனம், துவாரகை என்று அவர்கள் பாதயாத்திரை சென்றனர். நரேந்திரரும் பாரதம் முழுவதும் நடந்து கன்னியாகுமரியை அடைந்தார். சசி மகராஜ் மடத்தை விட்டு நகரவில்லை. குருதேவர் இங்கே எழுந்தருளியிருக்கையில் வேறு எந்தத் தலத்தைத் தேடிப் போவது என்பது அவர் நிலைப்பாடு.

அவருக்குப் பூசையறையிலிருந்த படம் வெறும் படமன்று. குருதேவர் உயிரோடு இருந்தபோது எவ்வாறு பணிவிடை செய்தாரோ, அவ்வாறே அதிகாலையிற் பற்குச்சியும் நீரும் வைப்பார். வேளை தவறாது அமுது படைப்பார். கோடை இரவிற் புழுக்கம் தோன்றினால் எழுந்து சென்று திருவுருவத்துக்கு விசிறுவார். சடங்கு மிகுந்துவிட்டது என்று சகோதரர்கள் கேலி செய்த வேளையும் உண்டு. ஆனால் யாத்திரையிற் களைத்தும் நோயுற்றும் திரும்பியவர்களுக்கு, விளக்கெரியும் ஓர் அறையும் ஒருபிடி பிரசாதமும் அங்கே எப்போதும் இருந்தன. 1892ஆம் ஆண்டளவில் மடம் ஆலம்பசாருக்கு மாறிய பின்னரும் இந்த ஒழுங்கு மாறவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கூட்டம் சிதறாமல் இருந்ததற்கு இந்த ஒருவரின் அசையாத நிலையே பெருங்காரணம்.

தென்னாட்டுப் பயணம்

1897ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15ஆம் திகதி சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பிக் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார். கண்டி, மாத்தளை, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் சென்று, அங்கு இந்துக் கல்லூரியிற் சொற்பொழிவாற்றி, பின் கடல்வழியே பாம்பன் சேர்ந்தார். சென்னை சென்றபோது, அங்கே தங்கிச் சமயம் போதிக்க ஒரு துறவியை அனுப்புமாறு அன்பர்கள் வேண்டினர். தென்னாட்டின் ஆசாரசீலர்களையும் விஞ்சும் ஆசாரமுடைய ஒருவரை அனுப்புவதாக அவர் வாக்களித்தார்.

அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டவர் சசி மகராஜ். தலயாத்திரைக்கும் மடத்தை விட்டுப் போகாதவர், விவேகானந்தர் சொன்ன உடனேயே, மொழி அறியாத தூரதேசத்துக்கு மறுபேச்சின்றிப் புறப்பட்டார். 1897ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் சென்னையை அடைந்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி கங்கைக்கரையில் பேலூர் மடம் பிரதிட்டை செய்யப்பட்டது. விவேகானந்தர் புனித அஸ்திப் பேழையைத் தம் தோளிற் சுமந்து சென்று அங்கு எழுந்தருளச் செய்தார். அந்தப் பேழையை வராகநகரிலும் ஆலம்பசாரிலும் கண்ணிமைபோற் காத்துப் பூசித்தவருக்கு, அதற்கு நிலையான வீடு கிடைத்தபோது உடனிருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

சென்னையிற் கடற்கரையோரம் இருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் மடம் நடைபெற்றது. சமையல், பூசை, வகுப்பு, கடிதம் யாவும் அவரே. நகரின் பல பகுதிகளிலும் கீதை, உபநிடத வகுப்புகள் நடத்தினார். வாரத்திற் பதினொரு வகுப்புகள்வரை நடத்திய காலமும் உண்டு. ஒருநாள் மழையினால் ஒருவருமே வகுப்புக்கு வரவில்லை. அவர் வழமைபோல் அமர்ந்து, வெறும் மண்டபத்துக்குப் பாடம் சொல்லி முடித்தே எழுந்தார். பிறருக்குப் போதிப்பதிலும் தம் விரதம் ஒன்று அடங்கியிருப்பதாக அவர் கருதினார்.

வராகநகரின் வறுமை சென்னைக்கும் உடன் வந்தது. ஒருநாள் நிவேதனத்துக்கு எதுவுமே இல்லை. பூசையறையுட் சென்று கதவைச் சாத்திக்கொண்டு, என்னைச் சோதிக்கின்றீரா, கடற்கரை மணலை அள்ளிவந்து படைத்து அதையே நானும் உண்பேன் என்று குருதேவரிடம் முறையிட்டார். சற்று நேரத்தில் ஓர் அன்பர் அரிசி முதலான பொருட்களுடன் வாசலில் வந்து நின்றார்.

1906ஆம் ஆண்டில் ஐஸ் ஹவுஸ் ஏலத்துக்கு வந்தது. அன்பர்கள் பதறி நின்றனர். சுவாமிகள் வளவின் ஒரு பக்கத்தில் அமைதியாக அமர்ந்திருந்தார். கட்டடம் பிறர் கைக்குப் போனதும், அதே வளவிலிருந்த சிறு வெளிவீட்டுக்குத் திருவுருவத்தை எடுத்துச் சென்று பூசையைத் தொடர்ந்தார். 1907ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மயிலாப்பூரில், அன்பர்களின் உதவியால் எழுந்த எளிய வீட்டில் மடம் குடியேறியது. அவ்வீட்டின் சுவரும் கூரையும் விரைவிற் பழுதுபட்டன. மழை இரவொன்றில் பூசையறை ஒழுகியபோது, குருதேவரின் உறக்கம் கலையாதிருக்கத் திருவுருவத்தின் மேல் குடைபிடித்தபடி அவர் நின்றார்.

பிறர் பிள்ளைகளுக்குத் தந்தை

கோயம்புத்தூர்ப் பகுதியில் பிளேக் நோய் பரவியபோது சில பிள்ளைகள் ஆதரவற்றுப் போயினர். அவர்களின் நிலை கண்டு, 1905ஆம் ஆண்டில் ஏழை மாணவர் இல்லம் ஒன்றைச் சுவாமிகள் தொடங்கினார். ஏழு பிள்ளைகளுடன் ஆரம்பித்த அந்த இல்லம், இராமஸ்வாமி ஐயங்கார், இராமானுஜாசாரியார் முதலிய இல்லற அன்பர்களின் உழைப்பினால் வளர்ந்து, தலைமுறை தலைமுறையாகப் பல்லாயிரம் பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் அளித்து வருகிறது. பெற்ற தாய்க்கு ஒரு நகை வாங்கிக் கொடுக்கவில்லையே என்று கலங்கிய மகன், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு ஒரு வீடு அமைத்துக் கொடுத்தார். முன்னையது பின்னையதால் ஈடாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மடத்தின் கதவு எப்பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பதை அது காட்டிற்று.

தமிழகத்துப் பக்தி மரபையும் அவர் அன்போடு கற்றார். ஸ்ரீ இராமானுஜரின் வரலாற்றை வங்கமொழியில் நூலாக எழுதினார்.

நிறைவு

1911ஆம் ஆண்டில் அன்னை ஸ்ரீ சாரதாதேவியார் தென்னாட்டு யாத்திரை வந்தார். சென்னை, மதுரை, இராமேஸ்வரம், பெங்களூர் எங்கும் அன்னைக்கு வேண்டிய யாவற்றையும் சசி மகராஜே கவனித்தார். இராமேஸ்வரத்தில் இராமநாதசுவாமியை அன்னை தம் கையால் அருச்சிப்பதற்கென 108 பொன் வில்வ இலைகள் செய்வித்துக் கொடுத்தார்.

அன்னை திரும்பிச் சென்றதும், ஓய்வறியாத அவர் உடல் ஒரேயடியாகத் தளர்ந்தது. நீரிழிவோடு காசநோயும் சேர்ந்துகொண்டது. கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, உத்போதன் இல்லத்தில், இளமையில் உடன் பயின்ற சாரதானந்தரின் பராமரிப்பில் இருந்தார். 1911ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 21ஆம் திகதி, தமது 48ஆவது வயதில் மகாசமாதி எய்தினார்.

அவர் ஏற்றிய விளக்கின் ஒளி ஈழத்துக்கும் வந்தது. அவருக்குப் பின் சென்னை மடத்தின் தலைமையை ஏற்ற சுவாமி சர்வானந்தர் இலங்கைக்கு வந்தபோது, காரைதீவில் பிறந்த மயில்வாகனனார் அவர்பால் ஈர்க்கப்பட்டார். 1922ஆம் ஆண்டில் அவர் மயிலாப்பூர் மடத்திற் சேர்ந்தார். 1924ஆம் ஆண்டில் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று விபுலாநந்தர் ஆனார். தாயகம் திரும்பிய விபுலாநந்த அடிகள் பாடசாலைகளையும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லங்களையும் பேணி வளர்த்தார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. உலகை விட்டு ஒதுங்கிய ஒரு சிறு கூட்டம், பிறருக்காக அடுப்பும் விளக்கும் அணையாமற் காத்ததன் பயன் இத்தனை தூரம் வந்து சேர்ந்தது.

துறவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் ஆலயத்திற் பூத்தொடுப்போரும், திருவமுது சமைப்போரும், கூட்டம் இல்லாத நாளிலும் வேளை தவறாமல் விளக்கேற்றுவோரும் சசி மகராஜ் நின்ற நிலையில் ஒரு கணமேனும் நிற்கின்றனர். அந்தத் தொண்டுள்ளம் அடியார் அனைவரிடத்தும் பெருகி வளர எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.